இசைவும் துணையும்: வை. மு. கோதைநாயகி அம்மாளின் இலக்கியக் கல்வி

ஆய்வுச் சுருக்கம்

வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) 115 நாவல்களை எழுதியவர். ஜகன்மோகினி இதழை முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தியவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். பள்ளிக்குச் செல்லாத அவர், திருமணத்திற்குப் பின்னர், புகுந்த வீட்டில் இருந்தவாறே இலக்கியப் பயிற்சி பெற்றார். அவரைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் இக்கல்வியைக் கணவரின் அனுமதியால் விளைந்ததாகவோ இயற்கைத் திறத்தால் மலர்ந்ததாகவோ சுருக்கிக் கூறுகின்றன. திருமணமான பெண்ணின் இலக்கியக் கல்விக்கு அனுமதி மட்டும் போதாது. கேட்பது, எழுதித் தருவது, பொருள் செலவிடுவது, பொறுப்பேற்பது ஆகிய வேலைகளைப் பிறர் தம் தோளில் ஏற்றுக்கொண்டபோதே அது நிறைவேறியது என்பதை அம்மாளின் வாழ்க்கை வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கோதைநாயகி அம்மாள், ஜகன்மோகினி, வயதுவந்தோர் கல்வி, பெண்கல்வி, கேள்வி மரபு, இதழியல்.

முன்னுரை

தமிழ் நாவலின் தொடக்கக் காலத்திலேயே கற்றறிந்த மனைவி என்னும் பாத்திரம் உருவாகிவிட்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. அதில் வரும் ஞானாம்பாள் கல்வியாலும் மதிநுட்பத்தாலும் கணவனைவிட மேலோங்கி நிற்கிறாள். ஆயினும் கற்பனையில் படைக்கப்பட்ட அத்தகைய மனைவி நடைமுறையில் ஒரு குடும்பத்திலிருந்து எழுத்தாளராக வெளிவருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. பெண்கல்வி வேண்டும் என்ற கொள்கைக்கும், ஒரு குறிப்பிட்ட வீட்டில் ஒரு குறிப்பிட்ட பெண் நாள்தோறும் கற்பதற்குரிய சூழலுக்கும் இடையில் இருந்த தொலைவே அந்தத் தாமதம். முன்னதை மேடையில் நிறுவலாம். பின்னதை அடுக்களைக்கும் கூடத்திற்கும் நடுவில்தான் நிறுவ முடியும்.

அந்தத் தொலைவை ஒரு வாழ்நாளில் கடந்தவர் கோதைநாயகி அம்மாள். அவர் பெயரின் முன்னெழுத்துகளே இவ்வரலாற்றின் ஒரு பகுதியை உணர்த்துகின்றன. வைத்தமாநிதி முடும்பை என்னும் குடும்பப் பெயரின் சுருக்கமாகிய வை. மு. என்பது அவருக்குத் திருமணத்தால் வந்தது. அதே முன்னெழுத்துகளைத் தாங்கிய வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் கம்பராமாயணத்திற்கும் வில்லிபாரதத்திற்கும் உரை வகுத்தவர் என்பதைத் தமிழ் ஆய்வுலகம் நன்கறியும். ஆழ்ந்த புலமை மரபு ஒருபுறமும் வெகுமக்கள் வாசிப்புக்குரிய நாவல் மரபு மறுபுறமும் ஒரே முன்னெழுத்துகளின் கீழ் அமைந்தன. முதலாவதற்குரிய பாடத்திட்டமும் ஆசிரியர் வரிசையும் முன்னரே இருந்தன. இரண்டாவதை அம்மாளும் அவரைச் சூழ்ந்திருந்தோரும் புதிதாக ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறப்பும் இளமையும்

கோதைநாயகி 1901 டிசம்பர் 1 அன்று வைணவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நீர்வளூர் வெங்கடாச்சாரியார், தாய் பட்டம்மாள். ஓராண்டுக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்த அவரை உறவினர் வளர்த்தனர். அக்கால வழக்கப்படி 1907இல், ஐந்தரை வயதில், வை. மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். மணமகனுக்கு அப்போது வயது ஒன்பது.

இந்த வயதுக் கணக்கைக் கருத்தில் கொண்டே பின்னர் நிகழ்ந்தவற்றை மதிப்பிட வேண்டும். கற்ற கணவர் ஒருவர் கல்லாத மனைவிக்குக் கல்வியளிக்க முடிவுசெய்தார் என்னும் சீர்திருத்தக் கதையின் அமைப்பு இங்குப் பொருந்தாது. இருவரும் குழந்தைகள், இருவரும் அந்த மணத்தைத் தேர்ந்தவர் அல்லர். ஆண்பிள்ளைக்குப் பள்ளி இயல்பான வழியாக இருந்தது. பெண்பிள்ளைக்கு அது இல்லை. வேறுபாடு அங்குத் தொடங்கியது, அறிவுத்திறத்தில் அன்று. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. அச்சட்டம் பெண்ணுக்கு வகுத்த குறைந்த வயது 14. அந்த வயதை எட்டுவதற்கு எட்டாண்டுகளுக்கும் மேலாக முன்னதாகவே கோதைநாயகி மனைவி ஆகியிருந்தார்.

அக்காலத்திலேயே சென்னையில் பெண்களுக்கான கல்வி வாயில்கள் சில திறந்துகொண்டிருந்தன. இளம் வயதில் கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். அவர் நடத்திய இளங்கைம்பெண்கள் இல்லம் பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. கணவனை இழந்த சிறுமிக்குக் கல்வி ஒரு வாழ்வாதாரமாக முன்வைக்கப்பட்டதால் அதற்கென ஒரு நிறுவனம் எழுந்தது. கணவன் உயிருடன் இருக்கும் இளம் மனைவிக்கு அத்தகைய நிறுவனத்தின் தேவை உணரப்படவில்லை. அவள் குடும்பப் பொறுப்பில் அமைந்துவிட்டாள் என்பதே பொதுக் கருத்து. ஆகவே திருவல்லிக்கேணியில் வாழ்ந்த கோதைநாயகிக்குப் பள்ளியாக அமையக்கூடியது அவர் வாழ்ந்த வீடு ஒன்றே.

எழுத்துக்கு முந்திய இலக்கியம்

எழுத்தறியாமையை இலக்கியம் அறியாமையாகக் கொள்வது தமிழ் மரபுக்கு ஒவ்வாது. திருக்குறள் கல்வி, கல்லாமை ஆகிய இரு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்துள்ளது. கண்வழிக் கல்வி கிட்டாதவர்க்குச் செவிவழி ஒன்று உண்டு என்னும் எண்ணம் அவ்வைப்பு முறையிலேயே அடங்கியுள்ளது. வைணவ இல்லங்களில் இந்தக் கேள்வி மரபு நாளும் உயிர்ப்புடன் விளங்கியது. பாசுரங்கள் ஓதப்பட்டன, விளக்கங்கள் சொல்லப்பட்டன, ஆண்டாளின் பெயரைத் தாங்கிய பெண்கள் மார்கழிதோறும் திருப்பாவையை மனப்பாடமாக ஒப்பித்தனர்.

கோதைநாயகி இவ்வகையில் திருவாய்மொழி முதலியவற்றைக் கேட்டுப் பயின்றார். இசையிலும் அவருக்குத் தேர்ச்சி இருந்தது. சிறு வயதிலிருந்தே கதை சொல்லும் ஆற்றல் அவரிடம் வெளிப்பட்டது. தம்மைச் சூழ்ந்திருந்தோருக்குத் தாமே புனைந்த கதைகளைச் சொல்லி வந்தார். பிற்காலத்தில் ஆண்டுக்கு மூன்று நாவல்களுக்கு மேல் என்னும் அளவில் எழுதக் கைகொடுத்தது இப்பயிற்சியே. அவருடைய நாவல்களில் உரையாடல் மிகுந்திருப்பதையும், வாசகரை விளித்துச் செல்லும் கதைசொல்லியின் குரல் இடைவிடாது ஒலிப்பதையும் குறையாகச் சுட்டுவோர் உண்டு. செவிவழியே இலக்கியம் கற்ற ஒருவரின் உரைநடையில் எதிர்பார்க்கத்தக்க இயல்புகள் அவை. அவற்றைக் கல்வியின் குறைபாடாகக் கொள்வதைவிட, அவர் கற்ற முறையின் தடமாகக் கொள்வதே பொருந்தும்.

நாடக அரங்கும் கணவரின் முதற்பணியும்

திருமண வாழ்வில் பார்த்தசாரதி செய்த முதற்பெரும் உதவி புத்தகம் வாங்கித் தந்ததோ எழுத்துக் கற்பித்ததோ அன்று. அவர் மனைவியை நாடகம் பார்க்க அழைத்துச் சென்றார். இச்செயல் இன்று எளிதாகத் தோன்றலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆசாரமான வைணவக் குடும்பத்து இளம்பெண் இரவு நாடகங்களுக்குச் சென்றுவருவது அக்கம்பக்கத்தின் கண்ணில் படக்கூடிய செயல். பம்மல் சம்பந்த முதலியார் போன்றோரின் முயற்சியால் சென்னையில் உரைநடை நாடகம் புதிய மதிப்புப் பெற்றுவந்த காலம் அது. கதையமைப்பு, காட்சிப் பகுப்பு, பாத்திரத்தின் பேச்சு ஆகியவற்றைப் படிப்பறிவின்றியும் கற்கக்கூடிய ஒரே வகுப்பறையாக நாடக அரங்கு இருந்தது. அந்த வகுப்பறைக்கு மனைவியை அழைத்துச் சென்றதன் வாயிலாகப் பார்த்தசாரதி அவருடைய இலக்கியக் கல்விக்குத் தொடக்கமிட்டார்.

பார்த்த நாடகங்களின் தாக்கத்தால் தாமும் ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்னும் வேட்கை கோதைநாயகிக்கு எழுந்தது. கதை மனத்தில் உருவாயிற்று. அதனைத் தாளில் ஏற்றுவதற்குரிய எழுத்துப் பயிற்சி அவரிடம் போதிய அளவு இல்லை. இங்கு வரலாற்றில் இடம்பெறுபவர் அவருடைய தோழி பட்டம்மாள். கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இவ்வாறு உருவான நாடகமே இந்திர மோகனா. அது 1924இல் நூலாக வெளிவந்தபோது ஆசிரியைக்கு வயது இருபத்துமூன்றைக்கூட எட்டியிருக்கவில்லை. நூலுக்குக் கிடைத்த வரவேற்பு அவரை மேலும் எழுதத் தூண்டியது.

சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்னும் முறை தமிழில் புதிதன்று. ஏடெழுதும் மரபில் புலவர் சொல்ல மாணாக்கர் எழுதுவது வழக்கம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்ல மாணாக்கர்கள் ஏட்டில் எழுதிய செய்தியை உ. வே. சாமிநாதையர் பதிவுசெய்துள்ளார். அங்கு எழுதியவர் கற்றுக்கொள்ளும் மாணாக்கர், சொன்னவர் ஆசிரியர். இங்கு உறவு தலைகீழாக அமைந்தது. எழுத்தறிந்தவர் எழுதினார், எழுத்தறியாதவர் படைத்தார். பட்டம்மாளின் கை இல்லையேல் இந்திர மோகனா தோழியர் வட்டத்தில் சொல்லப்பட்ட கதையாகவே மறைந்திருக்கும். இருவர் சேர்ந்து செய்த இப்பணியில் ஒருவர் நூற்றுப் பதினைந்து நாவல்களின் ஆசிரியராக அறியப்படுகிறார். மற்றவர் ஒரு வரிக் குறிப்பாக எஞ்சியுள்ளார்.

நாவலும் இதழும்

நாடகத்தை அடுத்து நாவல் வந்தது. அக்காலத்தில் பெருவாசகரைப் பெற்றிருந்த நாவலாசிரியர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் வழிகாட்டல் அம்மாளுக்குக் கிடைத்தது. மனோரஞ்சனி இதழின் வாயிலாகவும் மேனகா முதலிய நாவல்களின் வாயிலாகவும் புகழ்பெற்றிருந்த அவர், கோதைநாயகியின் முதல் நாவலாகிய வைதேகி வெளிவரத் துணைநின்றார். நின்றுபோகும் நிலையில் இருந்த ஜகன்மோகினி என்னும் இதழை வாங்கி நடத்தும் வாய்ப்பும் அத்தொடர்பால் வந்தது. 1925இல் அவ்விதழ் அம்மாளின் பொறுப்புக்கு வந்தது. வைதேகி அதில் தொடராக வெளியாயிற்று.

இதழை வாங்கிய நிகழ்ச்சி அம்மாளின் கல்வி வரலாற்றில் திருப்புமுனையாகும். அதுவரை அவருடைய எழுத்து பிறர் இடமளித்தால் மட்டுமே அச்சேறக்கூடியது. இதழ் கைக்கு வந்தபின் மாதந்தோறும் எழுதியே ஆகவேண்டிய கட்டாயம் உண்டாயிற்று. கற்பவர்க்கு அளவான கட்டாயத்தைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. வாசகர் கடிதம், அச்சுப்பிழை திருத்தம், தாள் கணக்கு, சந்தாக் கணக்கு ஆகிய அனைத்தும் அவருக்குப் பாடங்களாயின. ஐந்தரை வயதில் மணமாகிப் பள்ளி காணாத ஒருவர் இருபத்துநான்காம் வயதில் இதழாசிரியராகி, பணிசெய்தபடியே தம் எழுத்துப் பயிற்சியை நிறைவு செய்துகொண்டார்.

இக்கட்டத்தில் பார்த்தசாரதியின் துணை வேறொரு வடிவம் பெற்றது. நாடகத்திற்கு அழைத்துச் சென்றவர் இப்போது இதழின் நிருவாகத்தில் உடனின்றார். நட்டத்தில் இருந்த இதழை ஏற்பது குடும்பத்தின் பொருளை இடருக்கு உள்ளாக்குவதாகும். மனைவியின் கல்வியை வாழ்த்துவதற்குச் செலவில்லை. அதன்மீது முதலீடு செய்வதற்கு நம்பிக்கை வேண்டும். அம்மாளின் நாவல்களால் இதழ் விற்பனை பெருகி நிலைபெற்றது அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த விடை. அதன்பின் அம்மாளின் நாவல்கள் ஜகன்மோகினியிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 35 ஆண்டுகளில் 115 நாவல்கள் என்பது ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் என்னும் விகிதமாகும்.

இவ்வளவும் எதிர்ப்பின்றி நிகழவில்லை. குடும்பப்பெண் கதை எழுதுவதும் அதைத் தன் பெயரால் வெளியிடுவதும் ஏளனத்திற்கும் வசைக்கும் உள்ளாயின. இந்த ஏளனம் பெண்ணை மட்டும் தாக்குவதில்லை. மனைவியை அடக்கத் தெரியாதவன் என்னும் பழியாகக் கணவனையும் வந்தடைவது. ஆணாதிக்கச் சூழலில் கற்கும் மனைவிக்குத் துணைநிற்கும் ஆண் செலுத்தவேண்டிய விலை இது. பார்த்தசாரதி அவ்விலையைச் செலுத்தினார். அதேவேளையில், அந்தப் பழி அவருக்கு ஒருபடி. அம்மாளுக்கோ நடத்தையையே ஐயுறும் பலபடி என்பதையும் மறக்கலாகாது.

ஒப்புநோக்கு: பிற மொழிச் சூழல்கள்

திருமணத்திற்குப் பின் கற்ற இந்தியப் பெண் எழுத்தாளர்கள் சிலரின் வாழ்க்கையோடு ஒப்பிடும்போது கோதைநாயகியின் தனித்தன்மை தெளிவாகும்.

வங்கத்தின் ராஸ்சுந்தரி தேவி கணவரும் உறவினரும் அறியாமல் தாமே எழுத்துக் கற்றவர். சமையலறையில் வேலைக்கு இடையே, சைதன்ய பாகவதத்தின் ஏடொன்றை மறைத்துவைத்து எழுத்துகளை அடையாளம் கண்டார். அவருடைய தன்வரலாறாகிய அமார் ஜீபன் 1876இல் வெளிவந்தது. அங்குக் கல்வி முற்றிலும் தனியொருவரின் களவு முயற்சி.

மராட்டியத்தின் ரமாபாய் ரானடே 1873இல், பதினோரு வயதில், முப்பத்தொரு வயதினரான நீதிபதி மகாதேவ் கோவிந்த் ரானடேயை மணந்தார். கணவரே ஆசிரியராகி மராத்தியும் ஆங்கிலமும் கற்பித்தார். குடும்பத்துப் பெண்கள் காட்டிய கடும் எதிர்ப்பைத் தாங்க வேண்டியிருந்தவர் ரமாபாயே. கற்பிக்க முடிவு செய்தவர் கணவர். நாள் முழுவதும் வீட்டில் இருந்து அம்முடிவின் விளைவை ஏற்றவர் மனைவி. அங்குக் கல்வி ஓர் ஆசிரியர்–மாணவர் உறவாக அமைந்தது.

வங்கத்து ரொக்கையா சகாவத் உசேன் கணவரின் ஊக்கத்தால் எழுதத் தொடங்கியவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய சுல்தானாவின் கனவு 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த இந்தியன் லேடீஸ் மேகசின் இதழில் அச்சாயிற்று. அங்குக் கணவர் முதல் வாசகர்; அச்சு வாய்ப்பைத் தந்ததோ மற்றொரு பெண் நடத்திய இதழ்.

கோதைநாயகியின் நிலை இம்மூன்றிலிருந்தும் வேறுபட்டது. அவர் மறைவில் கற்கவில்லை. வயதில் மூத்த கணவரின் மாணவியாகவும் அமரவில்லை. தோழி, கணவர், மூத்த எழுத்தாளர் எனப் பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்ட துணையைக்கொண்டு அவர் கற்றார். அத்துணைகளை ஒன்றிணைக்கும் இடமாகத் தம் இதழையே ஆக்கிக்கொண்டார். கற்பிப்பவர் ஒருவர் இல்லாததால் கற்பவர் யாருக்கும் கடன்பட்ட மாணவியாக நிற்கவில்லை. எதை எழுதுவது, எப்படி முடிப்பது என்னும் தீர்மானம் இறுதிவரை அவரிடமே இருந்தது.

சிறையும் இதழும்

1925இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அம்மாள் கதர் உடுத்தத் தொடங்கினார். அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி, வசுமதி ராமசாமி ஆகியோருடன் இணைந்து பொதுப்பணியில் ஈடுபட்டார். அவருடைய இசைப்பயிற்சி மேடைகளில் பயன்பட்டது. தேசியப் பாடல்களைப் பாடிக் கூட்டங்களை ஈர்த்தார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிப் புறக்கணிப்பிலும் பங்கேற்று 1932இல் சிறை சென்றார்.

சிறைவாசம் ஒரு குடும்பத்தின் துணை எவ்வளவு உறுதியானது என்பதைச் சோதிக்கும் காலம். இதழாசிரியர் சிறையில் இருக்கும்போது இதழ் நிற்பது இயல்பு. பார்த்தசாரதி அதைக் கவனித்துக்கொள்ள, ஜகன்மோகினி தொடர்ந்தது. சிறைக்குள்ளும் அம்மாளின் எழுத்து நிற்கவில்லை. உத்தமசீலன் என்னும் நாவல் அங்கு உருவாயிற்று. முன்னர்ப் பட்டம்மாளின் கையை நம்பியிருந்தவர், இப்போது தோழியும் இல்லாத, கணவரும் இல்லாத இடத்தில் தாமே ஒரு நாவலை உருவாக்கினார். ஒருவருக்கு அளிக்கப்பட்ட துணை நல்ல துணையா என்பதை, அது நீங்கியபின் அவர் நிற்கிறாரா என்பதைக்கொண்டே அறியலாம். எட்டாண்டுகளில் கோதைநாயகி அந்த நிலையை அடைந்திருந்தார்.

தாம் பெற்ற துணையை அவர் பிறருக்கும் வழங்கினார். இளம்பெண்கள் பொதுமேடையில் பாடுவது தகாது என்று கருதப்பட்ட காலத்தில் டி. கே. பட்டம்மாளின் இசைத்திறத்தை உணர்ந்து ஊக்குவித்தவர்களுள் அம்மாளும் ஒருவர். ஜகன்மோகினியின் பக்கங்களில் பெண் எழுத்தாளர்களுக்கு இடமளித்தார். ஒரு வீட்டுக்குள் தொடங்கிய கல்வி இவ்வாறு பல வீடுகளுக்குச் சென்றது. வாசகியரில் பலர் அவரைப் போன்றே பள்ளிக்குச் சென்று முடிக்காத இல்லத்தரசியர் ஆதலின், மாதந்தோறும் வந்த தொடர்கதை அவர்களுக்குப் படிப்புப் பழக்கத்தைத் தந்த பாடநூலாகவும் விளங்கியது.

பிற்காலம்

அம்மாளின் நாவல்கள் திரைக்கும் சென்றன. ராஜமோகன் 1937இலும் அநாதைப் பெண் 1938இலும் படங்களாயின. அவர் மறைந்த பின்னர், தயாநிதி என்னும் நாவல் 1966இல் சித்தி என்னும் பெயரில் திரைப்படமாகிப் புகழ்பெற்றது. காந்தியடிகளின் மறைவுக்குப் பின் 1948இல் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கி, எளிய பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டாற்றினார். விடுதலைப் போராட்ட ஈகியாக அரசு வழங்கிய நிலத்தை வினோபா பாவேயின் பூதான இயக்கத்திற்கு அளித்தார்.

1956இல் ஒரே மகன் சீனிவாசன் காலமானார். அத்துயரிலிருந்து அம்மாள் மீளவில்லை. காசநோய்க்கு ஆளாகி 1960 பிப்ரவரி 20 அன்று மறைந்தார். கல்வியும் படைப்பும் குடும்பத்தின் கூட்டுப்பணியாக அமைந்தமையால், குடும்பத்தில் நேர்ந்த இழப்பு அப்பணியின் அடித்தளத்தையும் தாக்கியது. துணையை ஆதாரமாகக் கொண்ட வாழ்வுக்கு உள்ள ஊறுபாடு இது. இதனையும் இவ்வரலாற்றின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இலக்கிய வரலாறுகளில் கோதைநாயகிக்குக் கிடைத்த இடம் அவருடைய செல்வாக்குக்கு ஏற்றதாக அமையவில்லை. மணிக்கொடி மரபை மையமாகக் கொண்ட வரலாற்றெழுத்து அவரை வெகுமக்கள் எழுத்தாளர் என்னும் பட்டியலில் சேர்த்துக் கடந்து செல்கிறது. பெண்ணிய நோக்கிலான ஆய்வுகள் அவரை மீட்டெடுத்தபோதும், முதல் பெண் இதழாசிரியர்களுள் ஒருவர், அதிக நாவல் எழுதியவர் என எண்ணிக்கையையும் முதன்மையையுமே முன்னிறுத்துகின்றன. அவர் எவ்வாறு கற்றார் என்னும் வினா பின்தங்கிவிடுகிறது.

துணையின் கூறுகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து வயதுவந்த பின் இலக்கியம் கற்பவருக்கு வேண்டிய துணையின் நான்கு கூறுகளைப் பிரித்தறியலாம். முதலாவது, கேட்பவர். சொல்லப்படும் கதைக்குச் செவிகொடுப்போர் இருந்ததால் கதை வளர்ந்தது. இரண்டாவது, கை. எழுத்துப் பயிற்சி முழுமை பெறும்வரை காத்திராமல், பட்டம்மாளின் கையால் படைப்பு உடனே தொடங்கியது. மூன்றாவது, பொருள். குடும்பச் செல்வத்தின் ஒரு பகுதி கற்பவரின் முயற்சியில் இடப்பட்டது. நான்காவது, பொறுப்பு. கற்பவர் இல்லாதபோதும் அவருடைய பணி நில்லாமல் நடத்தப்பட்டது.

இந்நான்கினுள் எதுவும் அனுமதி என்னும் சொல்லில் அடங்குவதன்று. அனுமதி ஒருமுறை தரப்படுவது. தந்தவருக்கு அதன்பின் வேலையில்லை. துணை நாள்தோறும் செய்யப்படுவது. செய்பவரின் நேரத்தையும் உழைப்பையும் கேட்பது. கணவர் அனுமதித்தார் என்று எழுதும் வாழ்க்கை வரலாறு இருவருக்கும் அநீதி செய்கிறது. மனைவியின் கல்வியை ஒருவர் வழங்கிய கொடையாக்கிவிடுகிறது. கணவர் உண்மையில் செய்த உழைப்பை மறைத்து, அவரை வெறும் அதிகாரமுடையவராகக் காட்டிவிடுகிறது.

இவ்வேறுபாடு கடந்தகாலத்தைப் பற்றியது மட்டுமன்று. தமிழகத்தின் சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் திருமணத்திற்குப் பின் தமிழ் இலக்கியம் பயிலும் பெண்கள் இன்று மிகுந்துள்ளனர். கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் அவ்வூர் இன்று பீங்கான் தொழிலால் அறியப்படுகிறது. திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி அங்கேயே உள்ளது. 1979 முதல் தொலைநிலைக் கல்வி வழங்கிவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அண்மையிலுள்ள சிதம்பரத்தில் உள்ளது. கோதைநாயகிக்குக் கிட்டாத பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் இன்று எட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் சூளையில் வேலை முடித்து வீடு திரும்பும் கணவரும் இளங்கலைத் தமிழ்ப் பாடத்தைத் திறக்கும் மனைவியும் வாழும் வீட்டில் எழும் வினாக்கள் பழையவையே. மாலைச் சமையல் யாருடையது, தேர்வு நாளில் குழந்தையைப் பார்ப்பது யார், கட்டணத்திற்கு எந்தச் செலவைக் குறைப்பது, படித்ததைக் கேட்பதற்கு யார் இருக்கிறார் என்பன அவை. பல்கலைக்கழகம் சேர்க்கையை வழங்கலாம். இவ்வினாக்களுக்குரிய விடையை வீடுதான் வழங்க வேண்டும்.

முடிவுரை

கோதைநாயகி அம்மாள் இலக்கியத்தைச் செவிவழியே பெற்று, தோழியின் கைவழியே தாளில் ஏற்றி, இதழாசிரியப் பணியின் வழியே எழுத்தை முழுமையாகக் கைவரப்பெற்றார். அவருடைய கல்வியின் ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட வேலையை ஏற்றுக்கொண்டனர். கணவர் பார்த்தசாரதியின் சிறப்பு, அவர் பெருந்தன்மையுடன் இடம்விட்டார் என்பதில் இல்லை. மனைவியின் கல்வி நிலைக்கு ஏற்பத் தம் பணியின் வடிவத்தை மாற்றிக்கொண்டார் என்பதில் உள்ளது. அரங்கிற்கு உடன்சென்றவர் இதழின் நிருவாகியானார்; நிருவாகியாக இருந்தவர் சிறைக்காலத்தில் இதழைக் காத்தார்.

ஆகவே தமிழ்ப் பெண் எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர், அவர்தம் நூற்பட்டியலோடு கற்ற சூழலின் உழைப்புப் பகிர்வையும் பதிவுசெய்தல் வேண்டும். ஒரு படைப்பின் பின்னணியில் யார் எழுதினார், யார் கேட்டார், யார் செலவிட்டார், யார் வீட்டைப் பார்த்துக்கொண்டார் என்பன இலக்கிய வரலாற்றுக்குப் புறம்பான செய்திகள் அல்ல. அவற்றைச் சேர்த்து எழுதும்போது பட்டம்மாளைப் போன்றோர் ஒரு வரிக் குறிப்பிலிருந்து வெளிவந்து இலக்கிய வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.